அரைக் கன்னத்து நியாயம்

"பாதிக் கன்னத்துக்கு மருந்துக் களிம்பு, மீதிப் பாதிக்கு மருந்தே இல்லாத வெறும் களிம்பு" என்று டாக்டர் சொன்னதும் எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. என் மகள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் கத்தக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். பிறகு கத்தினேன்.

"எந்தப் பாதின்னு நீங்க முடிவு பண்ணுவீங்களா, இல்ல சீட்டுக் குலுக்கிப் போடுவீங்களா?"

"கிட்டத்தட்ட சீட்டுக் குலுக்கறதுதாம்மா" என்றார் டாக்டர், சற்றும் கூசாமல். "எனக்கே தெரியாது. மருந்தகத்துல இருக்கறவங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

என் மகள் பிறக்கும்போதே இடது கன்னத்தில் சிவப்பு மறுவோடு பிறந்தாள். கண்ணுக்குக் கீழே தொடங்கித் தாடை வரை, திராட்சைச் சாற்றைக் கொட்டிவிட்டுத் துடைக்க மறந்ததுபோல இருக்கும். தோலுக்கு அடியில் இருக்கிற மெல்லிய ரத்தக் குழாய்கள் அளவுக்கு மேல் விரிந்துகிடப்பதால் வருவது. யார் தப்பும் இல்லை. இதை எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் இல்லை. "மாசமா இருக்கும்போது நெருப்பைப் பார்த்துப் பயந்தியா?" என்று கேட்காதவர் யார்? ஒருவரிடம், "நெருப்பைப் பார்த்து இல்ல, உங்களை மாதிரி ஒருத்தரைப் பார்த்துத்தான் பயந்தேன்" என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு அவர் எங்கள் மாடிப்படியில் ஏறுவதே இல்லை. நிம்மதி.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் என் வாய் புரியும். லிஃப்டு நடுவழியில் நின்றால் உள்ளே இருக்கிற மணிப் பொத்தானை அழுத்துவீர்களே, மறுமுனையில் "பயப்படாதீங்க, ஆள் வந்துகிட்டிருக்காங்க" என்று சொல்கிற குரல் என்னுடையது. ஆள் இன்னும் கிளம்பியே இருக்க மாட்டார். இருந்தாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும். பகல் முழுக்கப் பொறுமையை விற்றுவிட்டு வருகிறவளிடம் சாயங்காலம் மிச்சம் என்ன இருக்கும்?

பட்டாணிக்கு, வீட்டில் அவளை அப்படித்தான் கூப்பிடுவோம், மூன்று வயதிலிருந்து லேசர். கண்ணை மறைக்கும் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுவிட்டு, கன்னத்தில் ஒவ்வொரு புள்ளியாகச் சுடுவார்கள். ரப்பர் பேண்டை இழுத்து அடித்ததுபோலச் சுள்ளென்று இருக்குமாம். மரத்துப்போக மருந்து தடவினாலும் வலிக்கும். முடிந்ததும் கன்னமெல்லாம் கருநீலப் புள்ளிகள். அந்தக் கோலத்தில் அவளைப் பேருந்தில் கூட்டிக்கொண்டு வந்தபோது ஒரு பெரியவர், "பெத்த பிள்ளையை இப்படியா அடிப்பாங்க?" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி என்னைக் கேட்டார். மறு இருந்தால் என் குற்றம், மறுவைப் போக்கினாலும் என் குற்றம். எங்கே போய் முட்டிக்கொள்வது?

முதலில் நன்றாகவே மங்கியது. பிறகு நின்றுபோனது. அதைவிட மோசம், மங்கிய நிறமும் சில மாதங்களில் மெல்லத் திரும்பி வந்தது. லேசர் குழாய்களைச் சுட்டு மூடுகிறது, உடம்போ புண்ணை ஆற்றுகிறேன் பேர்வழி என்று அதே இடத்தில் புதுக் குழாய்களை வளர்த்துவிடுகிறது என்று டாக்டர் விளக்கினார். வளர்வதைத் தடுக்கிற மருந்து ஒன்று இருக்கிறது. அதைக் களிம்பாகக் குழைத்து, லேசரோடு சேர்த்துப் பூசி வந்தால் நிறம் திரும்பாது என்று நினைக்கிறார்கள்.

"நினைக்கிறீங்களா?" என்றேன்.

"நினைக்கிறோம். நிச்சயமாத் தெரியாது. தெரிஞ்சுக்கத்தான் இந்த ஆய்வு. ஒரே கன்னம், ஒரே லேசர், ஒரே வெயில். பாதிக்கு மருந்து, பாதிக்கு வெறும் களிம்பு. கடைசியில வித்தியாசம் இருந்தா அது மருந்தோட வேலை. அப்புறம் முழுக் கன்னத்துக்கும் நாங்களே குடுப்போம். வித்தியாசம் இல்லேன்னா நிறுத்திடுவோம்."

"வெளியில வாங்கிக்க முடியாதா?"

"முடியாதும்மா. இங்க எங்க மருந்தகத்துல குழைக்கிறதுதான்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கு எரிச்சலே அதுதான். அநியாயம் என்றால் சண்டை போட்டு ஜெயிக்கலாம். நியாயத்தோடு என்ன சண்டை போடுவது? இரண்டு ட்யூபுகளை வாங்கிக்கொண்டு வந்தேன். ஒன்றில் ஒற்றைக் கோடு, மேல் பாதிக்கு. இன்னொன்றில் இரட்டைக் கோடு, கீழ்ப் பாதிக்கு. மற்றபடி அச்சு அசல் ஒன்றுபோல இருந்தன.

என் வீட்டுக்காரர் தரைக்கு டைல்ஸ் போடுகிறவர். மூக்கோரத்திலிருந்து காதின் அடிவரை அழியும் பேனாவால் ஒரே இழுப்பில் கோடு போட்டுக் காட்டினார். "இதுக்கு மேல ஒண்ணு, இதுக்குக் கீழ ஒண்ணு. ரெண்டும் கலந்துடக் கூடாது, அவ்வளவுதானே?" என்றார். அவருக்கு எல்லாமே தரைதான்.

அவருடைய அக்கா, எனக்கு அண்ணி, எங்களோடுதான் இருக்கிறார். முன்னறை ஜன்னலோரம் அவருடைய தையல் மெஷின். நீளம் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, கிழிந்ததை ஒட்டுவது எல்லாம் அவர் கை. நாங்கள் இருவரும் வேலைக்குப் போனால், பள்ளி விட்டு வருகிற பட்டாணிக்கு அத்தைதான் எல்லாம். அவர் இரண்டு ட்யூபுகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"ஏம்மா, இந்தப் பாதி பெத்த பிள்ளை, அந்தப் பாதி தத்துப் பிள்ளையா?"

"டாக்டர் சொல்றாங்க அண்ணி."

"டாக்டருக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவாங்க. ரெண்டு பக்கமும் ஒரே அளவு இல்லாட்டி, ஜாக்கெட்டே கோணிக்கும். இது முகம்."

பிறகு அவர் ஒன்றும் பேசவில்லை. அண்ணி பேசினால் பயமில்லை, பேசாமல் இருந்தால்தான் பயப்பட வேண்டும். அது எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை.

காலையிலும் படுக்கும் முன்பும் நான்தான் பூசினேன். ஒரு ட்யூபுக்கு ஒரு விரல், இன்னொன்றுக்கு இன்னொரு விரல், நடுவில் கை கழுவல். மாதங்கள் போகப் போக நிறம் மங்கியது. இந்த முறை திரும்பி வரவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் அவள் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருப்பேன். "அம்மா, கழுத்து சுளுக்கிக்கும்" என்று அலுத்துக்கொள்வாள். எனக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. மேலும் கீழும் ஒரே மாதிரி மங்குகிறதே என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை. பெற்றவள் கண் நல்லதை மட்டும்தான் பார்க்கும்.

புகைப்படம் எடுத்து ஒப்பிடும் நாள் வந்தது. டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் ஒரு பெண், மடியில் கைக்குழந்தை. குழந்தையின் நெற்றியிலும் கண்ணிமையிலும் அதே சிவப்பு. அவள் பட்டாணியின் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முறைத்துவிடலாம் என்று திரும்பினால், அவள் கண்ணில் இருந்தது வேடிக்கை இல்லை, ஆசை.

"அக்கா, களிம்பு கேக்குதா?" என்றாள். "உங்க பிள்ளைங்களோட முடிவு வந்தப்புறம்தான் எங்களுக்குன்னு சொல்லிட்டாங்க. சின்னதுலயே ஆரம்பிச்சா நல்லதாமே?"

"பயப்படாதீங்க" என்றேன், பழக்க தோஷத்தில். ஆள் வந்துகொண்டிருக்கிறார் என்பதை மட்டும் சொல்லவில்லை.

உள்ளே டாக்டர் பழைய படத்தையும் புதிய படத்தையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"நல்லா மங்கியிருக்கு. சந்தோஷம். ஆனா மேலயும் கீழயும் ஒண்ணாத்தான் மங்கியிருக்கு. அப்படின்னா இது லேசரோட வேலை. களிம்பால பெருசா எதுவும் இல்ல. நிறுத்திடலாம்."

"நிறுத்தறதா? இத்தனை வருஷமா லேசர் மட்டும்தானே போட்டோம்? அப்ப திரும்பி வந்த நிறம் இப்ப வரலையே!"

"அதுக்கு வேற காரணம் இருக்கலாம்மா. ஒப்பிட்டுப் பார்த்தா வித்தியாசம் இல்ல."

"ஒப்பிட்டுப் பார்க்க உங்களுக்குப் படம் இருக்கு. எனக்கு அவ பிறந்ததுலேருந்து பார்த்த கண்ணு இருக்கு! வேலை செய்யற மருந்தைப் பிடுங்கிட்டு, வேலை செய்யலைன்னு வேற எழுதுவீங்களா? வெளிய ஒருத்தி கைக்குழந்தையை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காளே, அவளுக்கும் இதையேதான் சொல்வீங்களா?" என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. கதவுக்கு வெளியிலிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

அப்போதுதான் பட்டாணி வாயைத் திறந்தாள். "அம்மா, சண்டை போடாத. அத்தைதான் ரெண்டையும் கலக்கிப் பூசிடறாங்களே, அப்புறம் எப்படி வித்தியாசம் தெரியும்?"

டாக்டர் திரையிலிருந்து திரும்பினார்.

"என்ன கலக்கி?" என்றேன்.

"ஸ்கூல் விட்டு வந்ததும், அத்தை ரெண்டு ட்யூபுலேருந்தும் உள்ளங்கையில எடுத்து, நல்லாக் கலக்கி, முழுக் கன்னத்துக்கும் பூசுவாங்க. எது மருந்தோ அது ரெண்டு பாதிக்கும் போயிடும்ல? உன்கிட்ட சொன்னா நீ கத்துவேன்னாங்க." பிறகு டாக்டரைப் பார்த்து, "இப்பவே கத்தியாச்சு, அதான் சொல்லிட்டேன்" என்றாள்.

வெட்கத்தில் எனக்குக் காது மடல் சுட்டது. டாக்டர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, வெறுமே பெருமூச்சு விட்டார்.

"இந்தப் படத்தை நாங்க கணக்குல எடுத்துக்க முடியாதும்மா. ரெண்டு வழிதான் இருக்கு. ஒண்ணு, இதோட விலகிக்கலாம். லேசர் தொடரும், களிம்பு கிடையாது. இன்னொண்ணு, கொஞ்ச நாள் எதுவும் பூசாம விட்டுட்டு, மறுபடி மொதல்லேருந்து. இந்தத் தடவை நிஜமாவே பாதி பாதி."

"அப்ப மருந்து இல்லாத பாதியில நிறம் திரும்பி வந்துடுமே?"

"மருந்து உண்மையிலேயே வேலை செஞ்சிருந்தா, வரும்" என்றார்.

கழுத்தைப் பிடித்து இரண்டு சுவர்களுக்கு நடுவே நிறுத்திவிட்டு, எந்தச் சுவரில் முட்டிக்கொள்ள விருப்பம் என்று கேட்பதற்குத்தான் சம்மதம் கேட்பது என்று பெயர். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். வெளியே பெஞ்சில் இருந்தவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகச் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தேன். அண்ணி மெஷினை நிறுத்தவில்லை.

"ஆமா, பூசினேன். என்ன இப்போ? விஷத்தையா பூசினேன்? ரெண்டு பாதியும் என் மருமகளோட கன்னம்தானே? ஒண்ணுக்குப் போட்டு இன்னொண்ணைப் பட்டினி போட என் கை வராது."

"உங்க கை வரலைன்னு இப்ப ரெண்டுக்குமே இல்லைன்னு ஆயிடுச்சு அண்ணி! களிம்பால ஒரு பிரயோஜனமும் இல்லைன்னு எழுதி மூடப் பார்த்தாங்க. நம்ம பிள்ளைக்கு மட்டுமில்ல, வரிசையில நிக்கிற எல்லாப் பிள்ளைக்கும்!"

மெஷின் நின்றது. "கண்ணுக்கு முன்னாடி மங்கியிருக்கே. அது அவங்களுக்குத் தெரியலையா?"

"எப்படித் தெரியும்? புதுத் துணி வந்தா சுருங்குமான்னு பார்க்க நீங்க என்ன பண்ணுவீங்க? ஒரு துண்டு வெட்டித் தண்ணியில போடுவீங்க. இன்னொரு துண்டை நனைக்காம வச்சுக்கிட்டு ரெண்டையும் அளப்பீங்க. ரெண்டையும் நனைச்சுட்டு எதோட எதை அளப்பீங்க?"

அண்ணி ஊசியிலிருந்து நூலை உருவினார். "துணிக்கு வலிக்காது" என்றார்.

நான் போய்ச் செருப்பைக் கழற்றினேன்.

வீட்டுக்காரர் வந்ததும் மூன்று பேரும் பேசினோம். பேச்சு சுற்றிச் சுற்றி அதே இடத்துக்குத்தான் வந்தது: விலகினால் கன்னம் முழுக்க நிறம் திரும்பிவிடும், தொடர்ந்தால் பாதி திரும்பும். கடைசியில் கன்னத்துக்குச் சொந்தக்காரியையே கேட்டோம். அவள் கண்ணாடி முன்னால் போய் நின்று, ஒரு கையால் மேல் பாதியையும் பிறகு கீழ்ப் பாதியையும் மறைத்துப் பார்த்தாள்.

"அந்தக் குட்டிப் பாப்பாவுக்கும் அப்புறம் களிம்பு கிடைக்குமா?"

"கேக்குதுன்னு தெரிஞ்சா கிடைக்கும்."

"அப்ப சரி. ஆனா பள்ளிக்கூடத்துல யாராவது ஏதாவது சொன்னா நான் பதிலுக்குச் சொல்வேன். திட்டக் கூடாது."

"சொல்லு" என்றார் அவள் அப்பா உடனே.

"இனிமே நான்தான் பூசுவேன்" என்றார் அண்ணி.

"பூனையைப் பாலுக்குக் காவல் வைக்கிற கதையா இருக்கு" என்றேன்.

"திருடின பூனைக்குத்தான் பால் எங்கேயெல்லாம் சிந்தும்னு தெரியும். நீ விரலால பூசறப்போ கோட்டைத் தாண்டிப் போறதை நானே பார்த்திருக்கேன்." அன்றே மெல்லிய பருத்தித் துணியில் இரண்டு அரை முகமூடிகள் தைத்துவிட்டார், காதில் மாட்டுகிற மாதிரி நாடா வைத்து. மேல் பாதிக்குப் பூசும்போது ஒன்று கீழ்ப் பாதியை மூடும்; கீழே பூசும்போது மற்றது மேல் பாதியை மூடும். ஓரம் மடித்து அவ்வளவு நேர்த்தியாகத் தைத்திருந்தார். "என் வாழ்நாள்ல தைச்ச துணியிலேயே அநியாயமான துணி" என்று சொல்லிக்கொண்டே நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

அந்த மாதங்களை நான் எப்படிச் சொல்ல? லேசர், களிம்பு, லேசர், களிம்பு. கீழ்ப் பாதி மங்கியது மங்கியபடியே நின்றது. மேல் பாதியில், கண்ணுக்குக் கீழே, முதலில் லேசான இளஞ்சிவப்பு. பிறகு சிவப்பு. ஒவ்வொரு முறையும் லேசர் அதை அடித்து விரட்டும், அது பழைய வாடகைக்காரனைப்போல மூட்டை முடிச்சோடு திரும்பி வரும். கையில் கீழ்ப் பாதி ட்யூபு இருக்கிறது, ஒரு விரல் எடுத்து மேலே இழுத்துவிட்டால் போதும். இழுக்கக் கூடாது. அண்ணி "அநியாயம், அநியாயம்" என்று முணுமுணுத்தபடியே பூசுவார். கோட்டைத் தாண்டவே மாட்டார். முடித்ததும் எழுந்து போய், வேண்டுமென்றே மெஷினைக் கடகடவென்று ஓட்டுவார்.

பள்ளியில் அவளுக்கு ஏற்கெனவே தக்காளி என்று பெயர். இப்போது ஒரு பையன் "பாதித் தக்காளி" என்று ஆக்கிவிட்டான். "மீதியை உன் சாப்பாட்டு டப்பாவுல போட்டிருக்கேன், போய்ப் பாரு" என்றாளாம். அவன் உண்மையிலேயே போய்த் திறந்து பார்த்தானாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். பிறகு குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு நான் அழுதேன். பாதி பாதியாகப் பிள்ளையை வளர்க்கச் சொல்கிற உலகத்தின் மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

முடிவுப் படம் எடுக்கும் நாளில் அண்ணியும் வந்தார். கைப்பையில் இரண்டு ட்யூபுகளும் இருந்தன. பெஞ்சில் அதே பெண். கைக்குழந்தை இப்போது அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. நெற்றிச் சிவப்பு குழந்தையோடு சேர்ந்து வளர்ந்திருந்தது. இந்த முறை அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு அலுத்திருப்பாள். அண்ணி அந்தக் குழந்தையை ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

டாக்டர் படங்களைத் திரையில் வைத்தார். யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பட்டாணியின் கன்னத்தில் வீட்டுக்காரர் போட்ட கோடு, பேனா இல்லாமலே தெரிந்தது.

"எவ்வளவு தெளிவா இருக்கு பாருங்க!" என்றார் டாக்டர். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. "மத்த பிள்ளைங்க படத்துலயும் இதே மாதிரிதான் வந்திருக்கு. நேத்தோட மத்தவங்க படமெல்லாம் முடிஞ்சுது, இவதான் கடைசி."

அவர் திரையைப் பார்த்துச் சொன்னார். அந்தத் தெளிவு பக்கத்து நாற்காலியில் கால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எனக்கு மறுபடியும் கத்த வேண்டும்போல இருந்தது, ஆனால் யாரைப் பார்த்துக் கத்துவது?

"எது மருந்து?" என்றார் அண்ணி.

டாக்டர் மருந்தகத்துக்கு ஃபோன் செய்து கேட்டார். "இரட்டைக் கோடு."

"இப்ப நிரூபிச்சாச்சுல்ல?"

"ஆச்சும்மா. முழுக் கன்னத்துக்கும் இனிமே குடுப்போம். புது ட்யூபு எழுதித் தரேன், கொஞ்சம் பொறுங்க, மருந்தகத்துல வாங்கி..."

"பொறுத்தாச்சு" என்றார் அண்ணி. கைப்பையைத் திறந்து இரட்டைக் கோட்டு ட்யூபை எடுத்தார். அறை மூலையில் இருந்த குழாயில் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, டாக்டரின் கண்ணுக்கு எதிரிலேயே பட்டாணியின் மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, மேல் பாதியில், கண்ணுக்குக் கீழே இருந்த அந்தச் சிவப்பில், முதல் முறையாக ஒளிக்காமல் மருந்தைப் பூசினார். டாக்டர் தடுக்கவில்லை.

"குளுகுளுன்னு இருக்கு அத்தை" என்றாள் பட்டாணி, கண்ணை மூடிக்கொண்டு.

அண்ணி ட்யூபை மூடிக் கைப்பையில் போட்டார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்து, பெஞ்சில் இருந்தவளைக் கூப்பிட்டார்.

"குழந்தையைத் தூக்கிக்கிட்டு உள்ள வாம்மா. மருந்து கேக்குது."